கார்டா, ப்ராசசரா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் கொட்டேஷன் என்பது கையால் எழுதித் தரும் காகிதம். கடைப் பெயர் அச்சிட்ட சின்ன நோட்டில் கார்பன் பேப்பரைச் செருகி, ப்ராசசர், மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி, கேபினெட், மானிட்டர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வரும் கடைக்கார அண்ணன், கிராபிக்ஸ் கார்டு என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். “தம்பி, என்ன கேம் ஆடுவீங்க?” என்பார். பதில் சொன்னதும், “மானிட்டர் பதினஞ்சு இன்ச்தானே?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பிறகுதான் பேனா நகரும். சில சமயம் அது மேலே போய், ப்ராசசர் வரியை அடித்துவிட்டு ஒரு படி குறைந்ததை எழுதி, மிச்சமான பணத்தைக் கீழே கார்டு வரியில் கொண்டுவந்து சேர்க்கும். வேறொருவருக்கு அதுவே தலைகீழாக நடக்கும். கார்டு வரியே காணாமல் போய், ப்ராசசர் ஒரு படி ஏறும்.

அந்த இரண்டு கேள்விகளின் அருமை எனக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. அப்போது எங்கள் கவனமெல்லாம் காகிதத்தின் மேல் இருந்தது. மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, மவுண்ட் ரோடு வந்து, கேசினோ தியேட்டர் பக்கமாக அந்தச் சந்துக்குள் நுழைந்தால், ரேடியோ உதிரிபாகம் விற்றுப் பேர் வாங்கிய தெரு கம்ப்யூட்டரையும் தன் வசம் இழுத்துக்கொண்டு, மாடிப்படியின் அடியில்கூட ஒரு கடையை வைத்துக்கொண்டு நிற்கும். கடை கடையாக ஏறி இறங்கி, வாங்கிய கொட்டேஷன்களைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும் ரயிலில் மடியில் பரப்பி, இந்தக் கடையின் போர்டும் அந்தக் கடையின் கார்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நானும் என் நண்பனும் அரக்கோணம் வரும்வரை பேசிக்கொண்டு வருவோம். வாங்கும் நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஆனால் அந்த மாதங்கள் முழுக்க எங்கள் மனதில் ஓர் அருமையான கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் படிக்கிற உங்களிலும் சிலர் அப்படி ஒரு காகிதத்தைப் பாடப்புத்தகத்தின் நடுவே வைத்திருந்திருப்பீர்கள்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எங்களைப் போன்ற வீடுகளுக்கு வந்த அசெம்பிள் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இன்டெல் 810 சிப்செட் போர்டுதான் இருந்தது. கிராபிக்ஸ் அந்த சிப்செட்டிலேயே அடங்கியிருக்கும், கூடவே ஒரு செலரான். படிப்புக்கு வாங்கிய பெட்டிக்கு அது தாராளம். ஆனால் அந்தப் போர்டில் ஏஜிபி ஸ்லாட் கிடையாது. பிறகு ஆசைப்பட்டாலும் நல்ல கார்டைச் செருக இடமில்லை. நண்பன் வீட்டிலோ பென்டியம் 3, அதோடு ஜீஃபோர்ஸ்2 எம்எக்ஸ் 400. அங்கே குவேக் 3 அரீனா வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கள் வீட்டில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. இரண்டுமே 1999-இல் வந்த விளையாட்டுகள். ஆனால் கம்ப்யூட்டரிடம் அவை கேட்பது வேறு வேறு. எங்கள் வீட்டு விளையாட்டில் படம் தட்டைப் படம்தான். கார்டுக்குப் பெரிய வேலை இல்லை. படை பெருகி, நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வழி தேடத் தொடங்கும்போதுதான் திரை திணறும். நண்பன் வீட்டு எம்எக்ஸ் கார்டைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் அந்தத் திணறல் போயிருக்காது. அவன் வீட்டில் நேர் எதிர். ரெசொல்யூஷனை ஏற்றினால் உடனே வேகம் இறங்கும், இறக்கினால் ஏறும். பெயர் தெரியாமலே அந்த இரண்டு வீடுகளில் ஒரு பாடத்தைப் படித்துவிட்டோம்.

அந்தப் பாடம் இதுதான். வாசலில் ஒருவர் புள்ளி வைத்து இன்னொருவர் கோலம் போட்டு வண்ணம் நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது, கதவு திறந்ததா என்று ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கணக்குப் பார்த்துப் புள்ளி வைப்பது ப்ராசசர். அந்தப் புள்ளிகளைப் பிடித்து வரைந்து நிறம் போடுவது கார்டு. கோலத்தை அகலமாக்கினால் புள்ளிகள் அதே எண்ணிக்கைதான், நிரப்ப வேண்டிய இடம்தான் கூடும். அதனால்தான் ரெசொல்யூஷனை ஏற்றும்போது பாரம் கார்டின் தலையில் விழுகிறது. புள்ளி வைக்கிறவர் மெதுவானவர் என்றால், வரைகிறவர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும் காத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் மானிட்டரின் நினைவு வருகிறது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கென்று ஒரே ஒரு ரெசொல்யூஷன் கிடையாது. 1024×768-இல் விளையாட்டு தள்ளாடினால் 800×600-க்கு இறக்கலாம், படம் மங்கலாகாது. ஏறத்தாழ 7.86 லட்சம் பிக்சல்களை வரைந்துகொண்டிருந்த கார்டு, அதற்குப் பிறகு 4.8 லட்சம் வரைந்தால் போதும். இந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு பழைய கார்டுக்கு மேலும் ஓராண்டு ஆயுளைக் கூட்டினோம். தட்டைத் திரை வந்தது, மேசை காலியானது, கண்ணுக்கும் நல்லது. ஆனால் ஒவ்வொரு தட்டைத் திரைக்கும் அதற்கே உரிய ரெசொல்யூஷன் உண்டு. அதிலிருந்து இறக்கினால் எழுத்தெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். மானிட்டர் வாங்குகிற அன்றே கார்டுக்கான செலவையும் பாதி முடிவு செய்துவிடுகிறோம் என்ற நிலை அங்கிருந்துதான் தொடங்கியது. 1080பி திரை ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 20.7 லட்சம் பிக்சல் கேட்கும். 4கே திரை 82.9 லட்சம், சரியாக நான்கு மடங்கு.

கையால் செய்து பார்க்கிற சின்னச் சின்ன சந்தோஷங்களும் அன்றைக்கு நிறைய. செலரான் 300ஏ என்று 1998-இல் ஒன்று வந்தது. பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். அது கையில் கிடைத்தவர்கள் ப்ராசசருக்கு வைத்திருந்த பணத்தைக் கார்டுக்குத் திருப்பினார்கள். ஏஎம்டி டியூரானில் இன்னும் அழகு. சிப்பின் மேல்பரப்பில் எல்1 என்று குறித்த இடத்தில் கடுகைவிடச் சிறிய பாலங்கள் துண்டாகியிருக்கும். சீவிய பென்சில் முனையால் ஒவ்வொன்றின் மேலும், பக்கத்துப் பாலத்தைத் தொடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கோடு இழுத்தால், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தி, பூட்டியிருந்த மல்டிபிளையர் திறந்துகொள்ளும். பக்கத்து வீட்டு அண்ணன் டேபிள் லாம்ப் வெளிச்சத்தில் அதைச் செய்தபோது நான் சுவாசிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். முதல் முறை ஆன் செய்ததும் திரையில் வந்த புது எண்ணைப் பார்த்து நாங்கள் போட்ட சத்தத்தில் அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

கார்டு வாங்குவதில் கண்ணிகளும் இருந்தன. பெட்டியின் மேல் 256 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த எஃப்எக்ஸ் 5200 கார்டுகள் தெருவெல்லாம் விற்றன; நினைவகம் பெரிது, வரைகிற வேகமோ மிகக் குறைவு. ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 பெயரில் நான்காம் தலைமுறை. உள்ளே பிக்சல் ஷேடர் இல்லை. 2003-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா போன்ற விளையாட்டுகள் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டன. ‘3டி அனலைஸ்’ என்ற சின்ன மென்பொருளை சி.டி.யில் கைமாற்றிக்கொண்டு, இல்லாத ஷேடரை இருப்பதுபோல் காட்டி உள்ளே நுழைந்தவர்கள் எத்தனை பேர்! ஓடியது நத்தை வேகத்தில்தான். ஆனாலும் ஓடியது என்ற மகிழ்ச்சி இருந்ததே, அதை இன்றைய கார்டு எதுவும் எனக்குத் தரவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு 2019 முதல் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். பலர் அப்படியும் போவதில்லை, பெட்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. என் அக்கா மகன் ஒருநாள் போன் செய்தான். “மாமா, புது கார்டு வாங்கலாம்னு பார்த்தேன். என் ப்ராசசரோட சேர்த்துப் போட்டா பதினெட்டு சதவீதம் பாட்டில்நெக் காட்டுது. என்ன பண்ண?”

அவன் சொன்னது, இரண்டு பெயர்களைக் கொடுத்தால் ஒன்று இன்னொன்றை எவ்வளவு தடுக்கிறது என்று ஒரு சதவீதத்தைத் துப்புகிற கணக்குக் கருவியை. அதன் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று சரியாகத் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரே ப்ராசசர், ஒரே கார்டு, 1080பி-யில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடினால் ப்ராசசருக்காக கார்டு காத்திருக்கும். 4கே-யில் ரே ட்ரேசிங் போட்டு சைபர்பங்க் 2077 ஆடினால் கார்டுக்காக ப்ராசசர் காத்திருக்கும். ஒரே விளையாட்டிலேயே சந்தை நெரிசலில் ஒன்று, வெட்டவெளியில் இன்னொன்று. எப்போதும் சரிசமமாக நிற்கிற ஜோடி என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இல்லாத ஒரு சமநிலையைத் தேடிப் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுவதைப் பார்க்கும்போது, அந்தக் கார்பன் பேப்பர் அண்ணனை நினைத்துக்கொள்கிறேன்.

அவர் கேட்டதையே நானும் கேட்டேன். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட். 144 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். உள்ளே இருப்பது 2018-இல் வந்த ரைசன் 5 2600. 144 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் சுமார் 6.9 மில்லிசெகண்டில் முடித்தாக வேண்டும். 60 ஃப்ரேமுக்கு 16.7 இருந்த இடத்தில் இது பாதிக்கும் குறைவு. “ஆனா மாமா, டாஸ்க் மேனேஜர்ல ப்ராசசர் நாற்பது சதவீதம்தான் காட்டுது” என்றான். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் கொண்ட சிப்பில், விளையாட்டின் முக்கியமான வேலை ஒன்றிரண்டு த்ரெட்களில் முட்டிக்கொண்டு நிற்கும்போது மற்றவை சும்மா இருக்கும். மொத்தத்தைச் சராசரி எடுத்தால் நாற்பதுதான் வரும். பார்க்க வேண்டியது கார்டு எவ்வளவு உழைக்கிறது என்பதை. ஃப்ரேமுக்கு வரம்பு எதுவும் வைக்காத நிலையில் கார்டு 97, 98 சதவீதத்தில் ஓடினால் அதுதான் எல்லை; அதைவிட நன்றாகக் கீழே இருந்தால், பெரும்பாலும் ப்ராசசர்தான் எல்லை.

அவனுடைய பி450 போர்டில் பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, அதே சாக்கெட்டில் ரைசன் 7 5700எக்ஸ்3டி-யைப் பொருத்தினோம். கார்டு பழையதுதான், ஆட்டம் அடியோடு மாறிவிட்டது. இந்த இடத்தில் இந்தக் காலத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ஸ்லாட் 1, சாக்கெட் 370, 423, 478 என்று சாக்கெட் மாறிக்கொண்டே இருந்த, சிப்பை மாற்றினால் போர்டையும் பல நேரம் ராமையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்த எங்கள் நாளில், 2017-இல் ரைசனோடு பரவிய ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2024-இலும் புதுச் சிப் வருகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

அவன் 4கே டிவியில் தனியாகக் கதை விளையாட்டு ஆடுகிறவனாக இருந்திருந்தால் என் பதில் கார்டு என்றுதான் இருந்திருக்கும். அப்போதும் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். எம்எக்ஸ் 400 ஸ்லாட்டில் வருகிற மின்சாரத்திலேயே ஓடியது. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு மட்டும் 450 வாட், ஆகவே எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பது முதல் கேள்வி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு நான்கே பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன், 3.0 போர்டில் போட்டால் பாதை பாதியாகக் குறுகி வேகம் அடிபடும். இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் இல்லாத பழைய போர்டில் வெகுவாகத் தளர்ந்துபோகும். விலை குறைந்த கார்டுகளைப் பழைய கம்ப்யூட்டருக்குத்தான் அதிகம் வாங்குகிறார்கள்; இந்த நிபந்தனைகள் அவர்களைத்தான் முதலில் பிடிக்கின்றன.

இன்னொரு விந்தையும் உண்டு. கண்ணாடிக் குழாயோடு நாம் தொலைத்த அந்த ரெசொல்யூஷன் திருகு, டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்ற பெயர்களில் திரும்பி வந்திருக்கிறது. 4கே திரையில் டிஎல்எஸ்எஸ்-இன் குவாலிட்டி நிலையை வைத்தால், கார்டு உள்ளுக்குள் 1440பி-யில் வரைந்துவிட்டுப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கார்டின் பாரம் குறைகிறது. அதே நேரத்தில் ஃப்ரேம்கள் கூடுவதால் ப்ராசசருக்கு வேலை கூடுகிறது. பெரிய திரைக்கு எந்த ப்ராசசரும் போதும் என்று இனி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

ஆகவே கடைக்குப் போகும் முன், ஆன்லைனில் பணம் கட்டும் முன், ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்குங்கள். நீங்கள் நிஜமாக ஆடுகிற விளையாட்டைத் திறந்து, வி-சிங்க் முதலான வரம்புகளை அணைத்துவிட்டு, நெரிசலான ஓர் இடத்தில் நின்று ஃப்ரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறெதையும் தொடாமல் ரெசொல்யூஷனை மட்டும் இறக்கி, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் கார்டை வாங்குங்கள். அசையவே இல்லையென்றால் ப்ராசசரை மாற்றுங்கள். இரண்டு நிலையிலும் ஆட்டம் உங்களுக்குச் சுகமாகவே இருக்கிறதென்றால், பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.