மாப்பிள்ளை பார்க்கும் படலம்

சிங்கப்பூரில் வீடு கூட்டித் துடைக்கும் ரோபோ வாங்குவது இப்போது மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பொறுப்பான காரியம். அதுதான் முறையும்கூட. ரோபோராக்கின் சாரோஸ் இசட்70 வரனுக்கு உறிஞ்சும் வலு 22,000 பாஸ்கல். கை நீட்டிக் காலுறை பொறுக்கும், 300 கிராம் வரை. டிரீமி எக்ஸ்50 அல்ட்ராவுக்கு 20,000தான், ஆனால் கால் ஊன்றி 6 சென்டிமீட்டர் வரை படி ஏறும். கையா, காலா? ஏறத்தாழ 90 சதுர மீட்டர் வீவக நான்கறை வீட்டில் இதற்கு விடை காணாமல் யாரும் தூங்கக் கூடாது.

கடைசியில் எந்த இடத்தில் சம்பந்தம் முடிந்தது என்பது குடும்ப ரகசியம். ஆனால் வீடு ஒழுங்காகிவிட்டது. ஐயா கிளம்புமுன் சார்ஜர் வயரைச் சுருட்டுகிறோம், பொம்மைகளைப் பொறுக்குகிறோம், நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கிறோம். தரையில் ஒன்றுமில்லை என்று உறுதியானதும் அவர் வந்து சுத்தம் செய்கிறார். பிறகு தன் துணியைத் தானே வெந்நீரில் அலசி, வெப்பக்காற்றில் உலர்த்திக்கொள்கிறார். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் இந்த உயரத்தை எட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சாமி மாடத்தின் முன் போட்ட மாக்கோலத்தைக் கடும் அழுக்கு என்று கண்டுபிடித்து, திரும்பத் திரும்பத் துடைத்தார். என்ன கூர்மை!

அவருடைய அழுக்குத் தண்ணீரை யார் கொட்டுவது என்கிறீர்களா? அதற்குத்தான் மாதம் 300 வெள்ளி லெவி கட்டிப் பணிப்பெண் வைத்திருக்கிறோம்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூலைக்குத் துடைப்பமும் வேண்டும். தேக்காவில் கிடைக்கும். சார்ஜ் போட வேண்டாம்.