கிளியனூர் வயர்க்காரர்

அகப்பொருள் இலக்கணம் வகுத்தோர் நெய்தல் நிலத்துக்கு விளரி யாழையும் மீன்கோட்பறையையும் உரிய கருவிகளாகக் குறித்துச் சென்றனர். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பாடும் ஸ்டீரியோவையும், அதன் முகப்பில் செருகப்படும் ஆக்ஸ் வயரையும், அந்த வயரைச் சட்டைப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு குப்பம் குப்பமாகத் திரியும் மனிதரையும் அவர்கள் குறிக்காமல் விட்டது காலத்தின் குற்றமேயன்றி அவர்களுடைய குற்றமன்று. மரக்காணம் உப்பளக் கரையில் வயர்க்காரர் எனப்படுபவர் இவரே. படகில் பொருத்திய பாட்டுச் செட்டையும் கையில் கொண்டுவரும் பாட்டுக் கருவியையும் ஒன்றோடொன்று பேச வைப்பது இவருடைய தொழில். தொழில் என்று சொல்லிவிட முடியாதபடி, கூலியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவதும் கொடுத்ததை எண்ணிப் பார்த்து முகம் சுளிப்பதும் இவ்வகையினரின் பொதுப்பண்புகள்.

இவர்களுடைய முதல் இலக்கணம் கடலோடு உறவில்லாமை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில், வானூர் வட்டத்தில் அமைந்த கிளியனூரிலிருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமானால் குறுக்கே கழுவெளி கிடக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த நீர்ப்பரப்பைக் கூழைக்கடா நேராகக் கடந்துவிடும், வயர்க்காரரின் டிவிஎஸ் எக்செல் சுற்றிக்கொண்டுதான் வரும். அப்படிச் சுற்றி வந்து கூனிமேட்டிலோ அனுமந்தையிலோ எக்கியார்குப்பத்திலோ வண்டியை நிறுத்தும் இவர், மணலில் ஏற்றிக் கிடக்கும் படகில் மட்டுமே கால் வைப்பார். மிதக்கும் படகில் ஒரேயொரு முறை ஏறியதாகவும், ஸ்டீரியோவைப் பார்ப்பதற்குள் காலையில் தின்ற இட்லியைப் பார்க்க நேர்ந்ததாகவும் குப்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுப்பதில்லை. அன்றைக்குச் சட்டினி சரியில்லை என்று மட்டும் சொல்வார்.

படகில் பாட்டுச் செட்டு வந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கட்டுமரம் என்பது கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த தெப்பம். அலை அதன் மேலே வந்து இடுக்குகளின் வழியே கீழே இறங்கிவிடும் என்பதால், அதில் ஏறிய மனிதரும் நனைவார், மீனும் நனையும், நனையாத மூலை என்று ஒன்று அதில் இராது. பாட்டு வேண்டுமானால் தொண்டையே கருவி. துடுப்பு வலிக்கும்போதும் வலை இழுக்கும்போதும் கூட்டாகப் பாடும் அம்பாப் பாட்டுக்கு பேட்டரி தேவைப்படவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள், அதாவது கரையில் ‘ஃபைபர்’ என்று சொல்லப்படுபவை, பெருந்தொகையாக வந்து இறங்கியபோது, எஞ்சினோடு கூடவே மூடி போட்ட ஒரு பெட்டியறையும் மீனவருக்குக் கிடைத்தது. காய்ந்த இடம் ஒன்று கிடைத்தால் மனிதன் முதலில் பீடிக்கட்டை வைப்பான், அடுத்ததாகப் பாட்டை வைப்பான். பீடிக்கு நிபுணர் வேண்டியதில்லை, பாட்டுக்கு வயர்க்காரர் வேண்டியிருந்தார்.

ஆக்ஸ் வயர் என்பது இரு முனையிலும் ஆணி கொண்ட, முழ நீளமோ சற்றுக் கூடுதலோ உள்ள கம்பி. அந்த ஆணியின் பருமன் 3.5 மில்லிமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையங்களில் ஒருவரை இன்னொருவரோடு இணைக்க ஊழியர்கள் செருகிச் செருகி எடுத்த 6.35 மில்லிமீட்டர் ஆணியின் பேரப்பிள்ளை அது; டிரான்சிஸ்டர் வானொலிகளில் சிறுத்து, 1979இல் சோனி நிறுவனம் வெளியிட்ட வாக்மேனால் உலகமெங்கும் பரவி, 2001இல் வந்த ஐபாடிலும் அதே உருவில் அமர்ந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் கொண்டுவந்த வாக்மேன், விரலளவு எம்பி3 பிளேயர், ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று பலகை தொங்கும் கடையில் மெமரி கார்டு நிரப்பிய பொத்தான் கைப்பேசி என்று கரைக்கு வந்த கருவிகள் மாறிக்கொண்டே இருந்தும், வயர்க்காரரின் சட்டைப்பையில் இருந்த ஆணி மாறவில்லை. கேசட் மட்டுமே ஏற்கும் பழைய செட்டுகளுக்காக, வால் முளைத்த கேசட் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். உள்ளே நாடாவுக்குப் பதிலாக ஒரு சிறு காந்தத்தலை இருந்து, செட்டின் தலையை ‘நாடா ஓடுகிறது’ என்று நம்ப வைக்கும் கருவி அது. ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்டு, வாங்கியவரை ஏமாற்றாத பொருள் என்று அதைக் கருதலாம்.

ஆணியை உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு கரு வளையங்கள் தெரியும். அவை அதை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடப்பக்கத்து ஒலிக்கும், நடுத்துண்டு வலப்பக்கத்து ஒலிக்கும், அடித்துண்டு இரண்டுக்கும் பொதுவான திரும்புவழிக்கும் உரியவை. இந்தத் திரும்புவழியே கடைமொழியில் எர்த்து எனப்படுகிறது. வயர்க்காரரின் புகழ் முழுவதும் இந்த அடித்துண்டைச் சார்ந்தே நிற்கிறது. ஈரத்தாலோ இழுபட்டதாலோ அது மட்டும் அறுந்துபோனால் வயர் ஊமையாகிவிடுவதில்லை. அதனினும் விபரீதமான ஒன்று நிகழ்கிறது. திரும்பும் வழி இழந்த இரு பக்க ஒலிகளும் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே பெட்டிகளில் கேட்கும். திரைப்பாடல் பதிவில் பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கமும் சம அளவில் வைக்கப்படுவதால், கழித்தலில் முதலில் காணாமற்போவது பாடகரே. ஓரமாக நின்று வாசித்த வயலின்களும், குரலின் எதிரொலியும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மிஞ்சும்.

“அண்ணே, பாட்டு வருது, பாடறவரு வரல” என்று படகுக்காரத் தம்பி கைப்பேசியில் முறையிடும்போது வயர்க்காரரின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைக் கைராசி மருத்துவரின் முகத்தில்தான் காண முடியும். அவர் உடனே வருவதில்லை. “யாரு பாடினது?” என்று கேட்பார். நோய்க்கும் பாடகருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை; எனினும் கேட்பார். பிறகு வந்து, ஆணியைச் செட்டிலிருந்து உருவி, வேட்டி நுனியில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி செருகி, அரைச்சுற்றுத் திருப்புவார். பாடகர் திரும்பி வந்துவிடுவார். துளை தளர்ந்திருந்தால், தலை கிள்ளிய தீக்குச்சியின் சீவல் ஒன்றை ஓரத்தில் செருகி, “இத எடுத்துடாத, இதுதான் எர்த்து” என்று எச்சரித்துவிட்டுப் போவார். தீக்குச்சி மின்சாரத்தைக் கடத்தாது என்பதும், அது ஆணியை ஒரு பக்கமாக அழுத்தி நிறுத்துகிறதே ஒழிய வேறொன்றும் செய்யவில்லை என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும். எனினும் மரம் என்று சொன்னால் அன்று மாலையே யாராவது உருவிப் பீடி பற்றவைக்கப் பார்ப்பர், எர்த்து என்று சொன்னால் தொடமாட்டார்கள் என்ற சமூகவியல் உண்மையும் அவருக்குத் தெரிந்திருப்பதே அவரை வெறும் எலக்ட்ரீசியனிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

பல ஃபைபர் படகுகளில் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றே இருக்கும். இன்னொன்றுக்கு இடமில்லை, அல்லது அது மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பவில்லை. இடப்பக்க வயரை மட்டும் அந்தப் பெட்டிக்குக் கொடுத்தால் வலப்பக்கத்தில் வாசித்தவர்களின் உழைப்பெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும். இதை எடுத்துக்காட்டுவதற்கென்றே வயர்க்காரர் ‘ப்ரியா’ படப் பாடல் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருக்கிறார். 1978இல் வெளிவந்த அந்தப் படத்துக்காக இளையராஜா ஸ்டீரியோ முறையில், அதாவது இடமும் வலமும் பிரித்து, பாடல்களைப் பதிவு செய்தார் என்பது இசை ஆர்வலர் அறிந்த செய்தி. வயர்க்காரர் அதைத் தாமே உடனிருந்து பதிவு செய்ததுபோல் சொல்வார். பிறகு செட்டின் பேலன்ஸ் திருகை ஓரத்துக்குத் திருப்பி, பாதி இசைக்குழுவைக் காணாமற்செய்து காட்டி, “இத்தன நாளா நீ பாதிப் பாட்டுதான் கேட்டிருக்க மாமா” என்பார். முப்பது ஆண்டுகளாக அந்தப் பாட்டை முழுப்பாட்டு என்றே நம்பி வாழ்ந்த பெரியவருக்கு அது தேவையில்லாத துயரம்.

அடுத்து வருவது இரைச்சல். எஞ்சினிலிருந்தே பேட்டரிக்கு மின்னேற்றம் நடக்கும் படகில், அதே பேட்டரியில் கைப்பேசியைச் சார்ஜுக்கும் போட்டு, ஆக்ஸ் வயரையும் செருகினால், எஞ்சின் வேகம் கூடும்தோறும் பாட்டுக்கு உள்ளே ஒரு கீச்சுக்குரல் ஏறிக்கொண்டே போகும். சார்ஜர் வழியாக ஒன்றும் ஆக்ஸ் வயர் வழியாக ஒன்றுமாக எர்த்து இரண்டு பாதையில் சேர்ந்து வளையமாகிவிட, அந்த வளையத்தில் சுற்றும் மின்னோட்டம் ஒலியோடு கலந்துவிடுவதே இதன் காரணம். சார்ஜரைப் பிடுங்கினால் கீச்சு நின்றுவிடும். இது இலவச வைத்தியம் என்பதால் வயர்க்காரர் இதைக் கடைசியில்தான் சொல்வார். முதலில் சொல்வது ஐசோலேட்டர் என்னும் தீப்பெட்டியளவுக் கருவியை: அதனுள் இருக்கும் சிறு மின்மாற்றிச் சுருள்கள் ஒலியை மட்டும் காந்தவழியாகக் கடத்திவிட்டு எர்த்துகளைத் தனித்தனியே நிறுத்திவிடும். மருமகளை வீட்டுக்குள் விட்டு அவளுடைய உறவைத் திண்ணையோடு நிறுத்துவதுபோல என்று அவர் கொடுக்கும் விளக்கம் அறிவியலுக்கு ஒத்ததே. கேட்டுக்கொண்டு வலை பின்னும் பெண்களுக்கு ஒத்ததாகத் தெரியவில்லை.

இந்த நோய்களுக்கெல்லாம் தாய் உப்பு. கிளியனூர்க் கடையில் ஆண்டுக்கணக்காகப் பழுதின்றிப் பாடும் செட்டு கரைக்கு வந்த சில மாதங்களில் தொண்டை கட்டிக்கொள்வதற்கும், வயரின் தோலை உரித்தால் உள்ளே செம்பு பச்சை பிடித்திருப்பதற்கும் காற்றோடு வரும் உப்பீரமே காரணம். செம்பில் படியும் அந்தப் பச்சைக்குக் களிம்பு என்று பெயர். உயிரோடு கூடவே இருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் இந்தச் செம்பின் களிம்பையே உவமையாகக் காட்டினர். வயர்க்காரர் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கும்போது, தேய்க்கத் தேய்க்கப் போவதும் விட்டால் வந்துவிடுவதுமான அதன் இயல்பைப் பற்றி முனகும் சொற்கள் சாத்திரத்தில் இல்லாதவை என்றாலும் கருத்து ஒன்றுதான். இதற்கு மேலைநாட்டுப் படகுகளில் வெள்ளீயம் பூசிய செம்புக்கம்பி பயன்படுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய பாட்டிமார்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. அந்தக் கம்பிக்கு விலை கூட என்பதால், வயர்க்காரர் சாதாரணக் கம்பியின் முனைக்கு மட்டும் ஈயம் வைத்துப் பத்தவைத்து, கிரீஸ் தடவி, கருப்பு டேப்பைச் சுற்றி, மேலே ஒரு பாலித்தீன் பையையும் கட்டிவிடுவார். பை தண்ணீரைத் தடுக்கிறது. உள்ளே போன தண்ணீரையும் வெளியேறாமல் தடுக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இவருக்கு அறுவடைக் காலம். புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் பெரிய படகுகளில் மரவேலையும் வண்ணமும் நடக்கும்போது, பாட்டுச் செட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்கப்படும். அங்கேதான் திசைகாட்டி இவருக்குப் பகையாக வாய்த்தது. ஒலிபெருக்கியின் முதுகில் வலுவான காந்தம் ஒன்று உண்டு. திசைகாட்டியின் முள்ளும் காந்தமே. படகை ஓட்டும் ஸ்ராங்கின் காதுக்கு அருகே இருக்கட்டும் என்று அன்போடு பெட்டியைத் திசைகாட்டியின் பக்கத்தில் பொருத்திவிட்டால், வடக்கு எங்கிருந்தாலும் முள் பாட்டையே பார்த்து நிற்கும். இத்தகைய புகார் வரும்போது வயர்க்காரர் பெட்டியை மூன்று முழம் தள்ளிப் பொருத்திக் கொடுப்பார். கொடுக்கும்போது, பாட்டில் சொக்காத முள் எதுவும் இல்லை என்று சொல்லிக் கூலியில் குறைக்காமல் பார்த்துக்கொள்வார். கடலில் இது சிரிப்புக்குரியதன்று என்பதை அறிந்த ஸ்ராங்குகள் அந்த நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை.

இவ்வளவு செய்தும் இவர் பாட்டுக் கேட்பவர் அல்லர் என்பது இவரை நெருங்கிக் கவனித்தோருக்கு மட்டுமே புலப்படும். பல்லவி தொடங்கும், இடப்பெட்டியில் காதை வைப்பார், வலப்பெட்டியில் காதை வைப்பார், பேஸை ஏற்றி இறக்குவார், சரி என்பார், நிறுத்திவிடுவார். சரணம் என்ற ஒன்று பாடல்களுக்கு உண்டு என்பது இவருடைய அனுபவத்தில் இல்லை. அம்பாப் பாட்டின் வழிவந்தவர்கள் சற்று இருக்கட்டுமே என்று கேட்டாலும், “வருதில்ல? அவ்ளோதான்” என்று ஆணியை உருவிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்வார்.

2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் 3.5 மில்லிமீட்டர் துளையை அடைத்த செய்தி கிளியனூருக்கு உடனே வந்து சேரவில்லை. அடைபட்ட கைப்பேசிகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தபோதுதான் வயர்க்காரருக்கு உலகம் மாறியது தெரிந்தது. வயரில்லாமல் பாட்டை அனுப்பும் புளூடூத், டென்மார்க்கை ஆண்ட பத்தாம் நூற்றாண்டு அரசர் ஒருவரின் பட்டப்பெயரைத் தாங்கியது என்று படித்த பையன் ஒருவன் சொன்னபோது, அரசர் காலத்துச் சரக்கென்றால் எப்போதோ பழுதாகியிருக்குமே என்று அவர் கேட்டார். விலை மலிந்த செட்டுகள் எல்லாம் தொழிற்சாலையிலிருந்தே ‘கார் பிடி’ என்ற ஒரே பெயரோடு வருபவை. மணலில் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றிய நான்கு படகுகளில் நான்கு ‘கார் பிடி’கள் இருக்கும்போது, ஒருவர் தம் கைப்பேசியில் பெயரைத் தொட்டால் பாட்டு அடுத்தவர் படகில் பாடும், அடுத்தவருக்கும் அவருக்கும் ஏலத்துப் பங்கில் தகராறு இருக்கும் காலமானால் அது வெறும் பாட்டாக முடியாது. அப்படியொரு மாலையில் இரு தரப்பும் குரலை உயர்த்திக்கொண்டிருக்க, எக்செலை ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வயர்க்காரர் ஒன்றும் பேசாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு செட்டிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு, சட்டைப்பைக்குள் கையை விட்டார்.