குலவிளக்குகளின் மாவட்டம்

திண்டுக்கல்லில் தாய்ப்பாசத்துக்குப் பஞ்சமே கிடையாது. சந்தேகம் இருந்தால் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். எட்டடிக்குப் பத்தடி ஃபிளெக்ஸில் அம்மா சிரித்துக்கொண்டிருப்பார். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையும் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிட்டிருப்பார்கள். (உயிரோடு இருந்தபோது அவர் தோடு அடகில் இருந்தது.) கீழே மகன்கள், மருமகன்கள், வட்டச் செயலாளர், எல்லோரும் கைகூப்பியபடி. 'குலவிளக்கு அணைந்தது.' எதனால் அணைந்தது? 'உடல்நலக் குறைவால்.' கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று அச்சடித்தால் குடும்ப மானம் போய்விடுமாம்.

வெள்ளைப்படுகிறது என்று அந்த அம்மா முணுமுணுத்தபோது, "உடம்புச் சூடு, மோர் குடி" என்றார்கள். தூரம் நின்று வருஷங்கள் கழித்து மறுபடி ரத்தம் பட்டபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. துணியை இருட்டில் அலசிக் காயப்போட்டார். அதே வீட்டு பைக்குக்கு மட்டும் இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று கணக்குத் தவறாமல் நடந்தது.

இந்த நோயை வினிகரைத் தடவியே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம், உயிரையும் காக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஊர்களில் ஒன்று எது தெரியுமா? சாட்சாத் இந்தத் திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த சங்கரநாராயணன் குழு 2000-ல் ஆய்வைத் தொடங்கியது. 30 முதல் 59 வயதுவரையிலான கிராமத்துப் பெண்கள் 31,343 பேருக்குப் பயிற்சி பெற்ற நர்சுகளே பரிசோதனை செய்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழித்தார்கள். முடிவு 2007-ல் 'லான்செட்' இதழில் வந்தது: நோய் 25 சதவீதம் குறைவு, சாவு 35 சதவீதம் குறைவு.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பரிசோதனை செய்யாமல் விடப்பட்ட பெண்கள் 30,958 பேர். அவர்களில் 92 பேர் இதே நோயில் செத்தார்கள். அது நியாயமா என்று வெளிநாட்டு மருத்துவர்கள் கூடச் சண்டை போட்டார்கள். இங்கே ஒரு கண்டன ஊர்வலம் கூடப் போகவில்லை. நம் வீட்டுப் பெண்கள் உயிரைக் கொடுத்து எழுதிய பாடத்தை லண்டன் அச்சிட்டது, ஜெனிவா படித்தது. நாம் தேர்வுக்கே போகவில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குள் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்ட பெண்கள் 9.8 சதவீதம். இந்தியச் சராசரி 1.9. ஆகவே மார் தட்டிக்கொள்ளலாம்; பத்தில் ஒன்பது பேரைக் கைவிட்டதில் நாம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தேவலை! அரசும் சும்மா இல்லை. மகளிர் தினத்துக்கு முகாம், ரிப்பன், போட்டோ, மாலைச் செய்தி. மறுநாள் அந்த அறையில் மறைப்புத் திரை இருக்கிறதா, நர்சுக்கு வேறு வேலை ஏவாமல் விட்டார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இந்த நோய் வராமல் 14 வயதுப் பெண்களுக்குப் போடும் தடுப்பூசிக்கு 2025 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். நல்லது, பேத்தி பிழைப்பாள். அவள் அம்மா?

சங்கடம் இங்கே கூச்சத்தில் மட்டும் இல்லை. நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கவும் போகிறவள் ஒரு நாள் கூலியை விட வேண்டும். "எங்கே போறே?" என்று வாசலில் கேட்கும் புருஷனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தே செத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

அண்ணே, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஐந்து நிமிஷ வேலை. வீட்டில் முப்பது தாண்டிய பெண் இருந்தால், நீங்களே வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போங்கள். திரை இல்லையென்றால் அங்கேயே நின்று சத்தம் போடுங்கள்.