சாரம் கட்டிய வள்ளம்

காற்றடைத்த வள்ளத்துக்குத் தண்ணீரில் கண்டம் கிடையாது. அலான் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1952ஆம் ஆண்டு அப்படிப்பட்ட ஒன்றில் தன்னந்தனியாகக் கனேரித் தீவுகளிலிருந்து புறப்பட்டார். பதினைந்தடி வள்ளம். 65 நாள் கழித்து அட்லாண்டிக்கின் மறுகரையில் பார்படோஸில் போய் இறங்கினார். மனிதர் எலும்பும் தோலுமாகிவிட்டார். வள்ளம் கரை சேர்ந்தது. ஆனால் பொம்பார் அதை ட்ரெயிலரில் ஏற்றி, நீண்ட வாரவிடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே இழுத்துப் போகவில்லை. அட்லாண்டிக்கில் சுறா உண்டு. கிறவல் ஏற்றிய லொறி இல்லை.

எங்களுடையது பத்தடி, சாம்பல் நிறப் பிவிசி. அதை வாங்கியதற்குக் காரணமே மடித்துப் பைக்குள் வைக்கலாம் என்பதுதான். கடையில் அது ஒரு சூட்கேஸ் அளவுப் பைக்குள் அடக்க ஒடுக்கமாக இருந்தது. புதுச்சட்டையைப் பெட்டியில் வந்த மடிப்பு மாறாமல் திரும்ப மடிக்கத் தெரிந்தவருக்கு அந்த வள்ளத்தையும் பைக்குள் போடத் தெரிந்திருக்கும். அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. போதாக்குறைக்கு, ஏரிக்கரையில் நின்று மிதிபம்பை மிதிக்கும்போது உலகத்திலுள்ள எல்லாக் குழந்தைகளும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே பைக்குள் அடங்கும் என்று வாங்கிய பொருளுக்கு ஒரு ட்ரெயிலர் வந்தது. ட்ரெயிலருக்கு நம்பர் பிளேட் வந்தது, பின்விளக்கு வந்தது, காரின் பின்னால் கொளுவி வந்தது.

"இஞ்சருங்கோ, உது காத்து இறக்கலாம் எண்டுதானே வாங்கினது?" என்று மனைவி கேட்டாள். இதற்கு இன்றுவரை சபையில் பதில் வைக்கப்படவில்லை.

காற்றடைத்த வள்ளத்தை ரோட்டில் இழுப்பவர்கள் எல்லோரும் ஆணிக்கும் கண்ணாடித் துண்டுக்கும்தான் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். ஆணி குத்தினால் ஓட்டை எங்கே என்று தெரியும்; சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும்; ஒட்டுப் போட்டு ஒட்டிவிடலாம். உண்மையான எதிரி உரசல். மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் வள்ளம் ட்ரெயிலரின் மேல் அசையாமல் இருப்பதாகக் கண்ணாடியில் தெரியும். அசைந்துகொண்டுதான் இருக்கும். மில்லிமீற்றர் கணக்கில், ஆனால் இடைவிடாமல். நடுவே கொஞ்சம் மணல் மாட்டிக்கொண்டால் போதும், வீடு வந்து சேருவதற்குள் அது பிவிசியை ராவி, உள்ளேயிருக்கும் நெசவு நூலை வெளியே காட்டிவிடும். அந்த இடம் ஒட்டுக்கு இலகுவில் இசையாது.

இதனால் முதல் வேலை கழுவுதல். ஏற்றுமுன் வள்ளத்தின் அடியைக் கழுவ வேண்டும். வள்ளம் இருக்கும் இரண்டு நீளப் பலகைகளையும், அவற்றின் மேல் அறைந்திருக்கும் கம்பளத்தையும்கூடக் கழுவ வேண்டும். கம்பளம் மென்மையானது, வள்ளத்துக்கு இதமானது என்று நினைத்துத்தான் அடிக்கிறார்கள். அது ஏரிக்கரை முழுவதையும் தன் மயிர்களுக்குள் சேமித்து வைத்திருக்கும். வீட்டுத் தூசி உறிஞ்சியால் அதைச் சுத்தம் செய்யலாம். மனைவி கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துச் செய்வது உத்தமம்.

அடுத்தது கட்டுதல். நெருக்கிப் பூட்டும் ராட்செட் பட்டி ஒன்றைக் கையில் எடுத்த ஆண்மகன் எவனும் போதும் என்ற இடத்தில் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. இன்னும் ஒரு 'கிளிக்', இன்னும் ஒரு 'கிளிக்' என்று போய், வள்ளத்துக்கு இடுப்பு உண்டாக்கிவிட்டுத்தான் ஓய்வான். காற்றுக் குழாயின் மேல் இவ்வளவு இறுக்கம் கூடாது. பாரத்தைத் தாங்க வேண்டியவை வளையங்கள். முன்வளையத்தை ட்ரெயிலரின் கைச்சக்கரப் பட்டியால் இழுத்துக் கட்டி, அந்தப் பட்டி அறுந்தாலும் பிடிக்கத் தனியாக ஒரு சங்கிலி போட வேண்டும். எஞ்சின் பூட்டும் பின்பலகையிலுள்ள இரண்டு வளையங்களையும் கீழ்நோக்கிச் சட்டத்தோடு கட்ட வேண்டும். குழாய்க்குக் குறுக்கே போவது வள்ளம் துள்ளாமல் இருக்க மட்டும். அகலமான ஒரு பட்டி, அளவான இறுக்கம், அதன் அடியில் மெத்தென்று ஏதாவது.

அந்த 'ஏதாவது' எங்கள் வீட்டில் மாமாவின் பழைய சாரம். இதற்கென்றே செய்த உறைகள் கடையில் உண்டு; விலை கேட்டபிறகு சாரத்தின் அருமை தெரிந்தது. நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தி, நாலாக மடித்தால் நல்ல தடிப்பு. அது நெடுஞ்சாலையில் ஒரு நுனி அவிழ்ந்து கொடிபோலப் பறந்ததும், பக்கத்தில் வந்த காரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் அடையாளம் கண்டு கையசைத்ததும் உண்மை. மாமாவுக்குத்தான் மனவருத்தம். சாரத்துக்காக அல்ல, அது பொதுவெளியில் அவிழ்ந்ததற்காக.

இந்தக் கட்டுகளையெல்லாம் பரிசோதிக்க ஒருநாள் பெரியத்தான் வந்தார். அவர் வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரண்டு பாய்மரக் கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். ஊர் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938ஆம் ஆண்டு மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வரலாற்று உண்மை. இதை அவர் கலியாண வீட்டிலும் சொல்லுவார், செத்த வீட்டிலும் சொல்லுவார். எங்கள் வீட்டு முற்றத்திலும் சொன்னார்.

"அதுக்கு ட்ரெயிலர் தேவைப்படேல்லை," என்றார் கடைசியில். பிறகு வள்ளத்தைச் சுற்றி வந்தார். "உதென்ன, ஆரும் களவெடுத்துக்கொண்டு போயிடுவினம் எண்டே இவ்வளவு கட்டு?"

"காத்துக்கு அத்தான். லொறி கடந்து போகேக்கை தூக்குது."

"தூக்கும். பாரம் இல்லாத சாமான். சரி, ஓடேக்கை உது கத்துறேல்லையே?"

கத்துகிறதுதான். தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டி காற்றில் அதிர்ந்து, கார் முழுக்கக் கேட்கும்படி ஒரே சுருதியில் ஒப்பாரி வைக்கும். அது வெறும் சத்தமும் அல்ல. அந்த அதிர்வு முழுவதும் குழாயின் தோலில்தான் இறங்குகிறது.

"பட்டியை ஒருக்கால் முறுக்கிப்போட்டுக் கட்டும்," என்றார். குழாயில் படாமல் அந்தரத்தில் நிற்கும் பகுதியில் ஒரே ஒரு முறுக்கு. சத்தம் நின்றுவிட்டது. அன்னபூரணி பற்றிய பேச்சில் அதற்குப் பிறகு நான் குறுக்கிடுவதில்லை.

அடுத்த பகைவன் வெயில். இங்கே கொஞ்சம் கணக்கு வரும். உயர்தரத்தில் வாயு விதியைப் பாடமாக்கியபோது, இது ஒரு வெள்ளிக்கிழமை வாகன நெரிசலில் உதவும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் 15 பாகை செல்சியசில் குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல் அமுக்கம் வைக்கிறோம். மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்டதை மட்டும், வளிமண்டலத்தின் 14.7ஐயும் சேர்த்தால் உள்ளே 17.7. மத்தியான வெயிலில் சாம்பல் நிறக் குழாய்க்குள் காற்று 45 பாகையைத் தொட்டதென்று வையுங்கள். இரண்டு வெப்பநிலைகளுக்கும் 273ஐக் கூட்டி விகிதம் போட்டால் 17.7 என்பது 19.5 ஆகும். வளிமண்டலத்தைக் கழித்தால் மானியில் 4.8. உள்ளே பத்து வீதம்தான் கூடியது. ஒட்டுகள் தாங்க வேண்டிய பாரம் அறுபது வீதம் கூடிவிட்டது. குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒட்டிய பசைக்கு இந்தச் சலுகையெல்லாம் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், ஓடும்போது காற்றுப் பட்டு வள்ளம் குளிர்ந்தே இருக்கும். பரி நகரத்துக்கு முன்னால் நெரிசலில் நிற்கும்போதுதான் வேகும். அதனால் புறப்படுமுன் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். இறக்கினால், ராத்திரிக் குளிரில் குழாய் இன்னும் சூம்பி, பட்டி தளர்ந்து, உரசல் தொடங்கும். ஆகவே கோப்பி குடிக்க நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கிப் பட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்குக் கோப்பி குடிக்க ஒரு நியாயமான காரணம் கிடைத்தது இதனால்தான்.

இப்போது உறைக்கு வருகிறேன், ஏனென்றால் அன்பு மிகுதியால் வள்ளத்தைக் கொல்பவர்கள் இங்கேதான் அதிகம். வெயிலுக்கும் கல்லுக்கும் பயந்து ஒரு தறப்பாளைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். தளர்வான தறப்பாள் காற்றில் படபடத்து, ஒரு நாள் பயணத்தில் ஒரு கோடை வெயில் செய்யாத சேதத்தைச் செய்யும். அளவெடுத்துத் தைத்த, தோலோடு ஒட்டி நிற்கிற உறை என்றால் போடுங்கள். இல்லையென்றால் வள்ளம் திறந்த மேனியாகவே வரட்டும். நிறுத்திய பிறகு போர்த்திக்கொள்ளலாம். கல்லெறிவது பெரும்பாலும் நமது காரின் பின்சக்கரம்தான். அதற்குச் சேறுதடுக்கும் ரப்பர்த் தட்டி போதும், கிறவல் ரோட்டில் மெதுவாகப் போகும் புத்தியும் வேண்டும்.

எஞ்சினைப் பற்றி நீட்ட வேண்டாம். சின்ன எஞ்சினே 25 கிலோ வரும். அது பின்பலகையில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தால், பலகை குழாயோடு ஒட்டியிருக்கும் இடம் பிய்யும். கழற்றிக் காருக்குள் வையுங்கள். கார் பெட்ரோல் மணக்கும், மணக்கட்டும்.

வடிகால் மூடியையும் கழற்றிவிட வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் மழை உள்ளே தேங்கினாலே இருபது கிலோ. அதோடு, 2022 சனவரி முதல் ஒன்ராறியோவில் இது சட்டம்: வள்ளத்தைத் தரைவழியாகக் கொண்டுபோகுமுன் மூடியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் செடி, பாசி, சிப்பியெல்லாம் அகற்ற வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி என்று ஒன்று 1980களில் கப்பல்களின் அடித்தண்ணீரில் ஒளித்து ஐரோப்பாவிலிருந்து வந்து பேரேரிகளில் குடியேறிவிட்டது. பத்திரம் இல்லை, நேர்முகம் இல்லை, குடும்பத்தோடு வந்தது. அதே காலத்தில் வந்த எங்களிடம் எத்தனை படிவம் கேட்டார்கள் என்பது வேறு கதை.

கடைசியாக, நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலது ஓரத் தடத்தில் தொண்ணூறில் ஒரு சாம்பல் வள்ளம் போவதைக் கண்டால் பின்னால் முட்டுகிற மாதிரி வராதீர்கள்; ஹோர்ன் அடிக்காதீர்கள். தாராளமாக இடம் விட்டுக் கடந்து போங்கள், கடந்ததும் உடனே முன்னால் வெட்டாதீர்கள். சாரம் ஏதாவது பறப்பதாகத் தெரிந்தால் மட்டும் கைகாட்டிச் சொல்லுங்கள்.