அபாயத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல

கித்துல்கலையில் களனி கங்கைக் கரையோரம் கடை விரித்திருக்கும் சாகசச் சுற்றுலாக்காரர்கள், ஆற்றோடு விளையாடி உயிர் தப்பும் கலையைத் தாங்கள்தான் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது போலக் கதைப்பார்கள். நம்ப வேண்டாம். அந்தப் பெருமை ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு உரியது. ஆண்டு 1679. இடம் எங்கள் அருவியாறு. அநுராதபுரப் பக்கம் மல்வத்து ஓயாவாக ஓடி, வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு மன்னார்க் கடலுக்குப் போகிற அதே ஆறு.

நொக்ஸ் இங்கே உல்லாசப் பயணியாக வந்தவரல்ல. தகப்பன் கப்டன், மகன் கூட வந்தவர். புயலில் பாய்மரம் போன கப்பலைத் திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவில் நிறுத்தியிருந்தார்கள். 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்து மரியாதையாக அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த மரியாதை பத்தொன்பதரை ஆண்டுகள் நீடித்தது. தகப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராகச் சாமான் கட்டிச் சென்று வியாபாரம் செய்தார். "வட்டிக்கு நெல் குடுத்துக்கொண்டிருந்த மனுசன் ஏன் தம்பி ஊரை விட்டு ஓடினவர்?" என்று எங்கள் ஊர்ச் சீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு நொக்ஸின் மற்றக் கஷ்டங்கள் எதுவும் மனதில் ஏறவில்லை.

ஓடுவதற்கு நொக்ஸும் தோழர் ஸ்டீபன் ரட்லண்டும் கட்டிய மூட்டையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பட்டியலை நொக்ஸே எழுதி வைத்திருக்கிறார். அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு சட்டி, தண்ணீர் அள்ளச் சுரைக்குடுவை. மழைக்குப் பிடிக்கத் தாளிப்பனை ஓலை. செருப்புச் செய்ய மான்தோல். அதோடு கருப்பட்டி, பலகாரம், புகையிலை, வெற்றிலை! தப்பியோடுகிற கைதி வாய்க்கு வெற்றிலையும் கட்டிக்கொண்டு போனதாக வேறெந்தச் சரித்திரத்திலும் நான் வாசித்ததில்லை. ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் பஸ் ஏறுகிற எங்கள் ஓமந்தைச் சனம்கூட இதைவிடக் குறைவாகத்தான் கட்டும்.

ஆற்றோரம் யானை, ஆற்றுக்குள் முதலை, இரண்டுக்கும் நடுவில் முள்ளுப்பற்றை. ஆள் அரவம் கேட்ட ஓரிடத்தில் இருவரும் ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, சேற்றிலும் ஈரத்திலும் குந்தியிருந்தார்கள். இன்றைய கித்துல்கலைக்காரர் அதற்கு 'குகை அனுபவம்' என்று பெயர் வைத்துத் தனிக் கட்டணம் அறவிடுவார். ஆனால் நீச்சல், படகு ஒன்றும் இல்லை. மனுசன் தப்பிப் போன செப்டெம்பர், ஒக்டோபரில் அருவியாற்றில் நடக்கத்தான் முடியும். வன்னி ஆறுகளில் மார்கழி, தையில்தான் தண்ணீர். மற்றக் காலத்தில் அவை மணல் ஏற்றுகிற டிப்பர்காரருக்கே பயன்படுகின்றன.

நடுக்காட்டில் இரண்டு தமிழ்ப் பிராமணர்கள் மரத்தடியில் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நொக்ஸ் கெஞ்சி, கொஞ்சக் காசும் ஒரு சிவப்புத் தொப்பியும் கொடுத்து வழிகாட்டக் கேட்டார். கொஞ்சத் தூரம் கூட்டிப்போனார்கள். அதற்கப்பால் வர முடியாது என்று திரும்பிவிட்டார்கள். கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பாதி வழியில் கையை விரிக்கும் வழிகாட்டி மரபை இந்தத் தீவில் தொடக்கி வைத்தவர்கள் நம்மவர்களே. இதில் எங்களுக்குச் சந்தேகமும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்தப் பக்கத்தை ஆண்ட வன்னியனின் பெயரையும் நொக்ஸ் தன் காதில் விழுந்தபடி 'கொய்லற் வன்னியா' என்று குறித்து வைத்தார். கைலை வன்னியன் அதைப் பார்த்திருந்தால் நொக்ஸுக்கு இன்னொரு பத்தொன்பதரை ஆண்டு கிடைத்திருக்கும்.

1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை, இருவரும் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1681இல் இலண்டனில் புத்தகம் வந்தது. ஆற்றங்கரையால் தப்பி ஓடியவன் புத்தகம் எழுதிப் புகழடைந்தான். இதை மறந்துவிடாதீர்கள், கொஞ்சத்தில் அந்த ஆற்றுக்குத் திரும்பி வர வேண்டும்.

ஓமந்தைக்குச் சொந்தமாக இப்படிப் பேர்போன ஆறு கிடையாது. கனகராயன் ஆறு வடக்கே இரணைமடுவைப் பார்க்கப் போகிற அவசரத்தில் இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது குளம். மாரியில் வான் பாயத் தொடங்கினால் பள்ளிக்கூடத்தில் பாதி வாங்கு வெறிச்சோடிவிடும். லொறி ரியூப்தான் படகு. துருசுக் கட்டில் ஏறிக் குதிப்பதுதான் மலையுச்சிப் பாய்ச்சல். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் எப்போதும் குளக்கட்டில் நிற்பார். கையில் பூவரசந்தடி, வாயில் அச்சிட முடியாத அறிவுரை, உறவுமுறையில் பெரியப்பா. அவருக்குப் பயந்து ஒருவனும் நீந்தாமல் விட்டதில்லை; கரையேறத்தான் பயந்தான்.

வெளியூர்ச் சாகசக்காரர்கள் எங்கள் றோட்டாலும் போயிருக்கிறார்கள். 1905இல், வடபகுதி ரயில் பாதை முழுதாகப் பொருந்துவதற்குச் சில மாதங்கள் முன்னம், யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்குப் போன லெனாட் வுல்ஃப், அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை தபால் மாட்டு வண்டியில் காட்டைக் கடந்தார். பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் புருஷனாக அறியப்பட்டவர். இலங்கைக்கு வரும்போது வோல்தேயரின் தொகுதிகளில் தொண்ணூறும் ஒரு நாயும் கொண்டுவந்தவர். ஓமந்தை தாண்டும்போது கரடி வந்திருந்தால் எந்தத் தொகுதியால் எறிந்திருப்பார் என்று இலக்கியகாரர்கள் ஆராயலாம். அதே ஆண்டில் ரயில் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது, மாட்டுவண்டிச் சாகசமும் முடிந்தது.

ரயில் என்றதும் கித்துல்கலையைச் சொல்லாமல் விட முடியாது. 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக டேவிட் லீன் களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதன் மேல் ஓடும் ரயிலோடு சேர்த்துத் தகர்த்த இடம் அது. 1957 மார்ச் 10ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க பரிவாரத்தோடு வந்து உட்கார்ந்திருக்க, கமராக்காரர் ஒருவர் ஆபத்தான இடத்திலிருந்து இன்னும் விலகவில்லை என்று வெடியை நிறுத்திவிட்டார்கள். ரயில் மட்டும் நிற்காமல் பாலத்தைத் தாண்டிப்போய் ஒரு மின்பிறப்பாக்கியோடு மோதியது. அதைத் திருத்தித் தூக்கி நிறுத்தி, மறுநாள் காலையில் ஒழுங்காகத் தகர்த்தார்கள். ஒரு பாலத்தை உடைப்பதற்குப் பிரதமர் இரண்டு நாள் மினக்கெட்டிருக்கிறார். பின்னாளில் வடக்கில் பாலங்கள் உடைந்தபோது பார்க்க ஒரு உப அமைச்சரும் வந்ததில்லை.

படத்துக்கு ஏழு ஒஸ்கார். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சீழ்க்கை அடித்தபடி அணிவகுத்து வருவார்கள். படத்தின் கதை நடக்கிற உண்மையான சயாம்–பர்மா ரயில் பாதையில் செத்தவர்களில் பெருந்தொகையினர் ஆசியத் தொழிலாளர். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஏராளம். அவர்களுக்குச் சீழ்க்கையும் இல்லை, ஒஸ்காரும் இல்லை.

எங்கள் ரயில் கதை இன்னும் மலிவுச் செலவில் எடுக்கப்பட்டது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் மெல்ல மெல்லப் பங்கர் கூரைக்குப் போய்ச் சேர்ந்தன. பாதையில் படுத்திருந்த ரயில் தண்டவாளத்தின் கீழ் நாங்கள் படுத்தோம். அந்தப் பங்கர்களில் மாரி மழைக்குத் தண்ணீர் நிறைந்துவிடும். ஷெல் வந்தால் உள்ளே குதிக்க வேண்டும். குதித்தால் இடுப்பளவு தண்ணீர். தண்ணீரில் பாம்பு முதலிலேயே இடம் பிடித்திருக்கும். குகை நீச்சல் என்றால் என்னவென்று எங்களுக்கு எவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

படகுப் பயணத்துக்குக் கிளாலி. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்ட தொண்ணூறுகளின் முதற்பாதியில், யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் நடுவில் சனம் நீரேரியை இரவில் கடந்தது. முன்னால் இயந்திரம் பூட்டிய படகு ஒன்று, பின்னால் கயிற்றில் வரிசையாகக் கட்டிய படகுகள். விளக்குக் கிடையாது. என் சித்தப்பா ஒரு தையல் மெஷினோடு அதில் வந்தவர். நடுவழியில் கயிறு அறுந்து அவருடைய படகு இருட்டில் தனித்துவிட்டது. படகில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் கடவுளைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா மட்டும், "மெஷினைத் தண்ணியிக்க போடச் சொல்லிப்போடாதேங்கோ, தவணைக் காசு இன்னும் கட்டி முடியேல்லை" என்று மன்றாடினாராம். முன்படகு திரும்பி வந்து கயிறு போட்டது. மெஷின் இன்றும் ஓமந்தையில் ஓடுகிறது, தவணை கட்டி முடிந்ததா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

1993 ஜனவரி 2ஆம் திகதி அந்த நீரேரியில் பயணம் செய்த பொதுமக்களைக் கடற்படை கொன்றது. அதற்குப் பிறகும் சனம் படகேறியது. ஏறிக் கரை சேர்ந்தவர்கள் இந்தக் கதைகளைச் சிரித்துத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சிரிக்கும்போது கேட்கிற நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பது அழகில்லை.

இப்போது அருவியாற்றுக்குத் திரும்புவோம். நொக்ஸ் தப்பி ஓடி 330 ஆண்டுகள் கழித்து, 2009இல், அதே ஆற்றின் கரையில், செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் முட்கம்பிக்குள். ஆகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தது. கருப்பட்டியும் பலகாரமும் கட்டிக்கொண்டு ஆற்றோரம் நடந்து போக அனுமதி இல்லை. முகாம் முற்றாக மூடியது 2012 செப்டெம்பரில்.

அந்தச் சனத்தில் பெரும்பகுதி ஓமந்தையைக் கடந்துதான் அங்கே போனது. ஓமந்தை என்ற பெயரை உலகம் அறிந்ததே சோதனைச் சாவடியால்தான். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது, பஸ்ஸால் இறங்கு, மூட்டையை அவிழ், நட, சூனியப் பிரதேசத்தைக் கட, மறுபக்கம் திரும்பவும் மூட்டையை அவிழ். ஒரே றோட்டில் இரண்டு அரசாங்கம், இரண்டு சுங்கம். இந்தப் பக்கப் படிவம் சிங்களத்தில். அந்தப் பக்கப் படிவம் அகராதி வைத்து வாசிக்க வேண்டிய தமிழில். இரண்டிலும் கையெழுத்துப் போட்டோம். 2006 ஆகஸ்டில் பாதை மூடியது, பிறகு திறந்தது. ரயில் 2011இல் ஓமந்தைக்குத் திரும்பி வந்தது. சாவடி 2015 ஆகஸ்டில்தான் போனது. வாசிக்காத தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவதில் எங்கள் ஊருக்கு ஒலிம்பிக் தரம் உண்டு.

இந்தப் பயிற்சியெல்லாம் முடிந்த சனம்தான் ஒரு மாசியில் சிவனொளிபாதமலைக்கு வான் பிடித்துப் போகிற வழியில் கித்துல்கலையில் இறங்கியது. பொடியளின் ஆசை. தலைக்கவசம், மிதவைச் சட்டை, துடுப்பு எல்லாம் தந்தார்கள். வழிகாட்டி தொலைக்காட்சிப் படம் பார்த்துத் தமிழ் பழகிய சிங்களப் பொடியன், நல்ல பிள்ளை. தண்ணீரில் விழுந்தால் பதறாமல் மல்லாந்து, காலை முன்னுக்கு நீட்டி மிதக்க வேண்டும் என்றான். சித்தப்பா யோசித்தார். "தம்பி, ஆபத்தெண்டால் குப்புறப் படுக்கத்தான் எங்களுக்குப் பழக்கம். மல்லாக்கப் படுக்கிறதுக்குக் கொஞ்சம் ரைம் குடுங்கோ."

சுழிப்புகளுக்கு அங்கே 'ஹெட் சொப்பர்', 'ரிப் கேஜ்' என்றெல்லாம் பெயர் இருக்கிறது. பயமுறுத்தப் பார்க்கிறார்கள். முதற் சுழிப்பில் வழிகாட்டி "கெற் டவுன்!" என்று கத்தினான். படகுக்குள் இறங்கிக் குந்த வேண்டும் என்று அர்த்தம். அவன் வாயை மூட முன்னம் எங்கள் ஆட்கள் எல்லோரும் படகின் அடியில் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தார்கள். சித்தப்பா மேல் இன்னும் இருவர் கிடந்தார்கள். இவ்வளவு வேகமான கோஷ்டியை இதுவரை கண்டதில்லை என்றான் அந்தப் பிள்ளை. இளசுகளுக்கு இது வெறும் பகிடி. நாற்பது தாண்டியவர்களுக்குத்தான் எழும்ப நேரம் எடுத்தது.

பிறகு பாறையிலிருந்து குதிப்பு. குதித்தவர்கள் எல்லோரும் சாவடி போன பிறகு வளர்ந்த பிள்ளைகள். பாறை இடுக்குக்குள் நீந்துகிற பகுதியைக் கரையில் நின்று பார்த்த அம்மம்மா, "ஒருத்தனும் ஷெல் அடிக்கேல்லை, பிறகேன் உதுக்குள்ள போயினம்?" என்று கேட்டார். கித்துல்கலைப் பெலிலென குகையில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னம் மனிதர் வாழ்ந்த தடயம் இருக்கிறதென்று ஒரு பேரன் படித்ததை எடுத்துவிட்டான். "அவையள் ஆருக்குப் பயந்து இருந்தவை?" என்றார். தொல்லியல்காரர்கள் இந்தக் கோணத்தையும் கவனிக்கலாம்.

இத்தனைக்கும் முன்னம், படகேற விடுவதற்கு ஒரு தாள் நீட்டப்பட்டது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சிங்களம். சித்தப்பா பழக்க தோஷத்தில் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். காயமோ மரணமோ நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்றிருக்கிறது என்று சொன்னேன். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உண்மையை எழுத்திலயே தாறாங்கள். கிளாலியிலயும் ஓமந்தையிலயும் உதை ஆரும் வாயாலகூடச் சொல்லேல்லை. நல்ல மனுசர்."

கித்துல்கலை நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். அரசாங்கத்தையே பெரிதாகக் கட்டுப்படுத்தவில்லை. இருந்தாலும் அந்தத் தாளைத் தயவுசெய்து தமிழிலும் அச்சிடுங்கள். எங்கள் சாவுக்கு யார் பொறுப்பில்லை என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட எங்களுக்கும் ஆசை இருக்கிறது.