பியர் டீம் வருது, ரூமைத் திற!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல் நகர்ப் பட்டறைகளில் ஆள் குறைந்து, அலிகார் பூட்டுகள் கடையை நிறைத்துவிட்ட பிறகு வந்து சேர்ந்த மரியாதை. போகட்டும். நம் பூட்டை இன்னும் கைவிடாத வாடிக்கையாளர் ஒருவர் உண்டு: கல்லூரிகளில் இருக்கும் ‘மாணவர் கற்றல் ஆதரவு மையம்’.

பெயர் சொல்லத் தேவையில்லை. நத்தம் சாலை, பழனி சாலை, கரூர் சாலை, எதில் போனாலும் ஏதோ ஒரு தோரணவாயில் வந்துவிடும். உள்ளே போய் மையம் எங்கே என்று கேளுங்கள். கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் சிவப்பில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றுமாக இரண்டு பீன் பேக். சுவரில் பல்புக்குள் மூளை, பக்கத்தில் சிரிக்கும் அப்துல் கலாம். கதவில் பூட்டு.

“சாவி யாரிடம்?”

“நிர்வாக அலுவலர் ஏ.ஓ. சாரிடம்.”

“சார் எங்கே?”

“மீட்டிங்.”

“என்ன மீட்டிங்?”

“ஸ்டூடண்ட் சப்போர்ட் மீட்டிங்.”

ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டால் வருகிற பதில், தமிழ்நாட்டுக் கல்வி நிர்வாகத்தின் மொத்தத் தத்துவமும் அடங்கிய பதில்: “திறந்து விட்டா பசங்க உள்ள வந்துருவாங்க சார்.”

வந்துருவாங்களாம்!

அந்தப் பசங்க யார்? வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் பார்க்கும் தாயின் மகள். நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டுக் கிளம்பும் பெண். வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் டிவி, தம்பி, இருமும் தாத்தா. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல காரியம். ஆனால் பஸ் அதன் நேரத்துக்குத்தான் வரும். காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. ஆகவே கல்லூரி திறக்குமுன்னே வந்து நிற்கிறாள். வகுப்பு முடிந்தபின் திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்கிறாள். முன்னும் பின்னுமாக அந்த நேரத்தில் அவள் எங்கே உட்கார்வாள்? மாடிப்படியில் உட்கார்ந்தால் வழியை அடைக்கிறாளாம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் “இங்க என்ன கூட்டம்?” மிச்சமிருப்பது பஸ் ஸ்டாண்ட். அங்கே ஒரு பெண் தனியாகப் புத்தகம் திறந்தால் எத்தனை கண் திரும்பும் என்று தாளாளர்களுக்குத் தெரியாது. அவர்கள் பஸ் ஏறி எத்தனை காலமோ.

கட்டடக் கலைஞரிடம் கொடுக்க வேண்டிய குறிப்பு இந்தக் காத்திருக்கும் நேரம்தான். பல்பும் மூளையும் அல்ல. சாய்ந்து உட்கார நாற்காலி, நோட்டை விரிக்க மேசை, காற்று வருகிற ஜன்னல், தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, போனுக்குச் சார்ஜ் போட பிளக் பாயிண்ட். இந்தக் கடைசிப் பொருள் பெரிய வேடிக்கை. ‘டிஜிட்டல் கேம்பஸ்’ என்ற பலகைக்குக் கீழேயே ‘செல்போன் சார்ஜ் செய்யக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது.

பிறகு மையத்தைக் கட்டியது எதற்கு? கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழுவுக்கு. உள்கட்டமைப்புக்கு ஒரு தலைப்பு, மாணவர் ஆதரவுக்கு ஒரு தலைப்பு, இரண்டிலும் மதிப்பெண். ஆதாரமாக ஜியோடேக் போட்டோ வேண்டும். எடுத்து அனுப்புகிறார்கள்: வடக்கே 10 டிகிரிச் சொச்சம், கிழக்கே 78க்குக் கொஞ்சம் உள்ளே, இந்த இடத்தில் காலியான ஓர் அறை சத்தியமாக இருக்கிறது. அதன் ஆய்வுக் குழுவான பியர் டீம் வரும் அன்று பூட்டு கழலும். நன்றாக ஆங்கிலம் பேசும் நான்கு பேர் பீன் பேக்கில் சரிந்து சிரித்தபடி படிப்பார்கள். ரெமீடியல் வகுப்பு வருகைப் பதிவேடு ஒரே பேனாவில், ஒரே இரவில் மலர்ந்திருக்கும். ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ பட்டியல் தனிக் கோப்பு. அந்தப் பெயரையே கதவில் பலகையாக எழுதி மாட்டிவிட்டு, ‘பிள்ளைகள் உதவி கேட்டு வர மாட்டேன் என்கிறார்கள்’ என்று அலுத்துக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் உண்டு. முட்டாள் என்று எழுதிய வாசலுக்குள் நீங்கள் நுழைவீர்களா ஐயா?

அந்தக் குழுவாவது கண்டுபிடிக்கும் என்பீர்கள். 2025 பிப்ரவரியில், ஆந்திராவின் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் தரம் தருவதற்காக லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. பணம், தங்கம், லேப்டாப், கைபேசி என்று பட்டியல் போனது. கற்றல் வளங்களை இவ்வளவு நுணுக்கமாக மதிப்பிட்டவர்கள் வேறு யார்?

மையம் பெரும்பாலும் இரண்டாவது மாடியில்தான் இருக்கும். லிப்டில் ‘ஸ்டாஃப் மட்டும்’. கீழே சாய்தளம் உண்டு, சட்டம் கேட்கிறதே. அதன் முடிவில் ஒரு படியும் படியின் மேல் பூந்தொட்டியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். உயர்கல்வி நிறுவனங்கள் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. அணுகுவசதிக்குக் கட்டாய விதிகள் வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. நம் வளாகத்துச் சக்கர நாற்காலியோ பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கிறது. அதற்கும் ஒரு பூட்டு.

இந்தக் கூத்து நடப்பது எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த மாநிலத்தில். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். புத்தகம் பயன்படுவதற்கே என்ற நூலகவியலின் முதல் விதியை அவர் அச்சிட்டது 1931இல். முற்கால ஐரோப்பிய நூலகங்கள் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டி வைத்த கதையையும் அதில் சொன்னார். நாம் முன்னேறிவிட்டோம், புத்தகத்தை விட்டுவிட்டு அறையையே கட்டிப்போடுகிறோம். 2010இல் திறந்த சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவே ஒரு பகுதி ஒதுக்கினார்கள். கல்லூரி நூலகத்து வாசலில் இன்றும் ‘பையும் சொந்தப் புத்தகமும் வெளியே’.

சின்னாளப்பட்டிக்கு அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, யாருக்காக என்ற கேள்வியை முதலில் கேட்டார்கள். இப்போது முதல் கேள்வி டைல்ஸ் என்ன கலர்.

இலவசமாக ஒரு வடிவமைப்பு யோசனை தருகிறேன். ஏப்ரல் மாதம், ஒரு வாரம், நிர்வாகக் குழுக் கூட்டம் முழுவதும் மாணவர்கள் காத்திருக்கும் அந்த மாடிப்படியில் நடக்கட்டும். ஏசி வேண்டாம், பிளக் வேண்டாம், கழிப்பறைச் சாவி ஏ.ஓ. சாரிடமே இருக்கட்டும், அவர் மீட்டிங்கில் இருக்கட்டும். திங்கட்கிழமை தொடங்கினால் புதன்கிழமை மதியத்துக்குள் டெண்டர் வந்துவிடும்.