பேரேடு உனக்கு, விலங்கு எனக்கு

அமெரிக்கப் பூர்வகுடி அரசுகளுக்கு வாஷிங்டன் போட்ட பிச்சைகளில் மிகத் தாராளமானது எது என்று கேட்டால், 2006 ஜூலையில் போட்டதைத்தான் சொல்வேன். அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ஆடம் வால்ஷ் சட்டம், பாலியல் குற்றவாளிகளின் பெயரையும் படத்தையும் விலாசத்தையும் ஊரறிய வெளியிடும் பதிவேட்டை நடத்தும் உரிமையைப் பூர்வகுடிகளுக்கும் அளித்தது. நீங்களும் ஓர் அரசாங்கம்தானே, எழுதுங்கள் ஐயா எழுதுங்கள்! பிடிப்பது, அடைப்பது போன்ற சில்லறை விஷயங்களைத் துரைமார் பார்த்துக்கொள்வார்கள்.

உரிமை என்றாலும் கெடு உண்டு. 2007 ஜூலை 27-க்குள் பூர்வகுடி மன்றம் தீர்மானம் போட வேண்டும். போடாவிட்டால் அந்த வேலையை மாநிலத்துக்குத் தாரை வார்த்ததாகவே அர்த்தம். கலிபோர்னியா, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்ற அதிகாரம் ஏற்கெனவே மாநிலத்தின் கைக்குப் போயிருந்தது. அங்கிருந்த பெரும்பாலான குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், சுமார் இருநூறு குடிகள், நாங்களே நடத்துகிறோம் என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? சும்மா இருந்தால் மாநில போலீஸ் தங்கள் மண்ணுக்குள் வந்து உட்காரும்.

நாட்டிலேயே முதலில் வேலையை முடித்துக் காட்டியவை இரண்டு. 2009 செப்டம்பரில் ஓஹையோ மாநிலமும், ஓரிகனில் உள்ள உமட்டில்லா கூட்டுக்குடிகளும். கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் ஆகிய பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஆண்டுகள் போயும் அந்தத் தரத்தை எட்டவில்லை. அவர்களுக்கு என்ன தண்டனை? போலீஸ், நீதித் துறைகளுக்கு மத்திய அரசு தரும் ஒரு மானியத்தில் பத்து சதவீதம் வெட்டு. சட்டத்தை அமல்படுத்தும் செலவுக்கு இந்த வெட்டே மலிவு என்று மாநிலங்கள் கணக்குப் போட்டன. பூர்வகுடி தவறினால்? அதிகாரத்தையே பிடுங்கி மாநிலத்திடம் கொடுக்கலாம், தானே தவறிய மாநிலமாக இருந்தாலும் சரி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நம்மூர்ப் பாட்டி வாஷிங்டனில் சட்டம் எழுதப் போயிருக்கிறாள் போலும்.

பதிவு அலுவலகம் என்றதும் மாளிகையை நினைக்க வேண்டாம். சின்னக் குடிகளில் அது ஒரு மேசை, ஒரு கணினி, வேறு நாலு வேலையும் பார்க்கும் ஓர் ஊழியர். விலாசம் எழுதச் சொல்கிறது படிவம். தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாத வீடுகள் ரிசர்வேஷன் எனப்படும் பூர்வகுடி நிலங்களில் ஏராளம். பெட்ரோல் பங்க் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம், பச்சை டிரெய்லர் என்று எழுதிக்கொள்கிறார்கள். எழுதியதைத் தேசியக் குற்றத் தரவுத்தளத்தில் ஏற்றியாக வேண்டும் என்பது சட்டம். அந்தத் தளத்துக்குள் நேரடியாக நுழையப் பல குடிகளுக்கு அனுமதியே இல்லாமல் இருந்தது. மாநில அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டும். நீதித் துறை இதற்கென ஒரு திட்டம் தொடங்கியது 2015-இல். அதுவரை ஒன்பது வருடம் பூட்டிய வீட்டுக்குள் பாத்திரம் கழுவச் சொல்லியிருக்கிறார்கள்.

இனிதான் விசேஷம். ரிசர்வேஷனில் குடியிருக்கும், அல்லது அங்குள்ள கேசினோவுக்கு வேலைக்கு வரும், பூர்வகுடி அல்லாத ஒரு குற்றவாளியை எடுத்துக்கொள்வோம். வீடோ வேலையோ மாறினால் மூன்று வேலை நாளுக்குள் நேரில் வந்து சொல்ல வேண்டும். அவருடைய கைரேகை, உள்ளங்கை ரேகை, டிஎன்ஏ, வண்டி எண், மின்னஞ்சல், எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். அவர் வரவில்லை என்று வையுங்கள். பூர்வகுடி நீதிமன்றம் அவரைச் சிறையில் போட முடியாது. பூர்வகுடிகளுக்குப் பிற இனத்தவர்மேல் குற்ற விசாரணை அதிகாரம் கிடையாது என்று ஒலிஃபன்ட் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைரேகை எடுக்கலாம், கை வைக்கக் கூடாது. சிவில் அபராதம் போடலாம், எல்லைக்கு வெளியே போகச் சொல்லலாம். 2022-இல் பாலியல் வன்முறை உட்படச் சில குற்றங்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். பதிவுக்கு வராமல் டிமிக்கி கொடுப்பது அந்தச் சில குற்றங்களில் சேரவில்லை.

மத்திய அரசு வழக்குப் போட்டால் பத்தாண்டு வரை உள்ளே தள்ளலாமே என்பீர்கள். போட்டால்தானே! 2005 முதல் 2009 வரை பூர்வகுடி நிலங்களிலிருந்து வந்த பாலியல் குற்றப் புகார்களில் 67 சதவீதத்தை மத்திய வழக்கறிஞர்கள் நடத்தாமல் திருப்பியிருக்கிறார்கள். சொன்னது அந்த அரசாங்கத்தின் சொந்தத் தணிக்கை அலுவலகம். 2016-இல் நீதித் துறையின் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பூர்வகுடிப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், 56 சதவீதம் பேர், வாழ்நாளில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். அப்படி ஆளானவர்களில் 96 சதவீதம் பேரைத் தாக்கியவர்களில் வேற்றினத்தவர் ஒருவராவது உண்டு. எந்த ஆட்களைத் தொடக்கூடாது என்று விதி இருக்கிறதோ, அவர்களைப் பற்றித்தான் நோட்டு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, சொந்த இனத்தவனையாவது ஒழுங்காக எழுதலாமா? 1986 முதல் பூர்வகுடி நீதிமன்றம் ஒரு குற்றத்துக்கு ஓராண்டுக்கு மேல் சிறை கொடுக்கக் கூடாது. 2010-இல் அதை மூன்றாண்டு ஆக்கினார்கள், அதுவும் சட்டம் படித்த நீதிபதி, இலவச வழக்கறிஞர் என்று ஏற்பாடுகள் செய்யும் குடிகளுக்கு மட்டும். பதிவேட்டுச் சட்டமோ குற்றங்களை மூன்று படிகளாக்கி, ஓராண்டுக்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றத்தைத்தான் கடுமையான இரண்டாம், மூன்றாம் படிகளில் வைக்கிறது. ஆக, பலாத்காரமே ஆனாலும், ஓராண்டு வரம்புக்குள் நிற்கும் பூர்வகுடி நீதிமன்றத்தில் தீர்ப்பானால் மத்திய அளவுகோலின்படி அது கீழ்ப்படிக் குற்றம். பாதிக்கப்பட்டவள் வயதுவந்த பெண் என்றால், அவன் படத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்காமலே விடவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. குடிகள் விரும்பினால் கடுமையாக்கிக்கொள்ளலாமாம். பெரிய மனசு.

கடைசியாக ஒரு டாக்டர். மத்திய அரசின் பூர்வகுடிச் சுகாதாரத் துறையில் குழந்தை மருத்துவர். மொன்டானாவில் பிளாக்ஃபீட் ரிசர்வேஷனில் இருந்தபோது, சிறுவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் சக ஊழியர்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. 1995-இல் சவுத் டகோட்டாவில் பைன் ரிட்ஜுக்குப் போனார். அதே துறை, அதே வேலை, அதே வயதுப் பிள்ளைகள். அங்கே இருபது ஆண்டுக்கு மேல் இருந்தார். 2018-இல் ஒரு ஜூரியும் 2019-இல் இன்னொரு ஜூரியும் அவரைக் குற்றவாளி என்றன. 2020-இல் ஐந்து ஆயுள் தண்டனை. கேசினோவில் பாத்திரம் துலக்கப் போகிறவன் வேலை மாறினால் மூன்று வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். டாக்டர் மொன்டானாவிலிருந்து பைன் ரிட்ஜுக்கு மாறியபோது, அவரை எதற்காக அனுப்புகிறோம் என்று வாஷிங்டன் அந்த ஊர்த் தாய்மார்களிடம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.